முதல் நிற்கட்டும், பலன் நடக்கட்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன் முதலாக இறங்கிய கட்டளை எது? தொழுகையா? நோன்பா? இல்லை. ஓதும்படி இட்ட கட்டளையே அது. ஓதுவதற்கு ஏடு வேண்டும். ஏட்டைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் வேண்டும். வாத்தியார் இருந்தும் பிள்ளையின் கையில் ஏடு இல்லையென்றால், அந்தக் குறை யாரைச் சேரும்? அதைப் பற்றியே இம்மாதம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரி 2-ல், அதாவது கி.பி. 624-ல், பத்ரு யுத்தம் முடிந்தபோது குறைஷிகள் பலர் கைதிகளானார்கள். வசதி படைத்தவர்கள் நாலாயிரம் திர்ஹம் வரை மீட்புப் பணம் கட்டிப் போனார்கள். கையில் காசில்லாமல், எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வேறொரு விலை வைத்தார்கள். மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் விடுதலை! வியாபாரிகளாகிய நாம் இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்போது மதீனாவில் பணத்துக்குக் குறைவு இருந்ததே தவிர நிறைவு இல்லை. அப்படியிருந்தும் பத்துப் பிள்ளைகளின் எழுத்தை ஓர் ஆளின் மீட்புப் பணத்துக்கு ஈடாக வைத்தார்கள் என்றால், கல்விக்கு அவர்கள் போட்ட மதிப்பு எவ்வளவு!

நம்மில் சிலர் கேட்கலாம்: "அரசாங்கந்தான் புத்தகம் கொடுக்கிறதே, பிறகு நமக்கென்ன வேலை?" உண்மைதான். இந்த நாட்டில் 1975-ல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கியது. 2008 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பாடநூல் ஒன்றே வகுப்பை நடத்திவிடாது. பயிற்சி நூல் வேண்டும், அகராதி வேண்டும், கதைப் புத்தகம் வேண்டும், எழுது தாள் வேண்டும். 1996-ம் வருஷக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழும் ஒரு பாடமாக நடக்க இடமுண்டு. பாடம் நடக்கலாம், அந்தப் பள்ளியின் நூலக அலமாரியில் தமிழ்ப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்? இந்தக் குறைகளைப் பல வாத்தியார்கள் தங்கள் சம்பளத்தை எடுத்தே சரிக்கட்டுகிறார்கள். கற்பிக்கிறவர் தோளில் கற்பிக்கும் செலவையும் ஏற்றி வைப்பது நியாயமாகுமா?

நாம் கொடுக்காதவர்கள் அல்ல. பள்ளி திறக்கும் காலத்தில் பையும் பென்சிலும் வாங்கிக் கொடுக்கிறோம். அல்லாஹ் அதைக் கபூல் செய்வானாக. ஆனால் பென்சில் தேய்ந்துவிடும், பை கிழிந்துவிடும், மறு வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் வருஷந்தோறும் முதலையே தின்று தீர்க்கிறவனை வியாபாரி என்போமா?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நல்லதொரு நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். முதலை நிறுத்தி வைத்து, அதன் பலனைத் தர்மமாக விடும்படி யோசனை கிடைத்தது. அப்படியே அந்த நிலம் விற்கப்படாமல், வாரிசுக்கும் போகாமல் ஏழை எளியவர்களுக்குப் பயன்பட்டது. வக்பு என்பது இதுதான். இது நமக்குப் புதியதா? காப்பித்தான் கிளிங் காதிர் முகைதீன் அவர்கள் 1801-ம் வருஷத்தை ஒட்டி எழுப்பிய பள்ளிவாசலின் வக்பு நிலத்தைச் சுற்றியல்லவா நம் கடைத்தெருவே வளர்ந்தது!

நிலந்தான் வக்பு ஆகும் என்பதில்லை. அழியாமல் நின்று பயன் தருகிற அசையும் பொருளையும் வக்பு செய்ய ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனபி மத்ஹபிலும், வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களுக்கு இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். கிதாபுகள் அதில் அடங்கும். ஆகவே அகராதி, கதைப் புத்தகம், தேசப்படம் போன்றவற்றைப் பள்ளியின் பேரில் வக்பாக வைக்கலாம். ஒரு பிள்ளை படித்துத் திருப்பித் தந்தால் அடுத்த பிள்ளை எடுத்துக் கொள்ளும். எழுதித் தீர்ந்து போகும் பயிற்சி நூல் வக்புக்கு ஆகாது. அதை ஸதகாவாகக் கொடுக்கலாம். அல்லது மொத்தக் கொள்முதல் செய்து, வாங்கின விலைக்கே விற்கலாம். நம் மத்ரஸாக் கிதாபுகளில் "தவ்லியா" என்று படித்தோமே, அந்த வியாபாரந்தான் இது. இலவசம் வாங்கக் கூசுகிற தகப்பனும் தலை நிமிர்ந்து வாங்கிப் போவான். ஜகாத்தின் கணக்கு வேறு, வக்பின் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது.

இதை நடத்த நாலு காரியம் போதும்.

முதலாவது, வாத்தியாரைக் கேளுங்கள். நமக்குப் பிடித்ததை வாங்கி அனுப்பாமல், அவர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, சேர்ந்து வாங்குங்கள். நாணய மாற்றுக்காரர், நாசி கண்டார்க் கடைக்காரர், ஜவுளிக்காரர், மளிகைக்காரர் எல்லோரும் ஒரே கொள்முதலாகப் போனால் விலை இறங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சௌரஸ்தா மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளையும் மறக்க வேண்டாம். நல்ல அகராதி பழையதானால் அர்த்தம் மாறிவிடாது.

மூன்றாவது, கணக்கு. ஒவ்வொரு புத்தகத்திலும் "வக்பு" என்று முத்திரை, பள்ளியில் ஒரு பதிவேடு, வருஷம் ஒரு முறை சரிபார்ப்பு. தர்ம சொத்துக்களின் நிர்வாகம் சீர்கெட்டதனால்தான் 1905-ல் அரசாங்கம் சட்டம் போட்டு, மறு வருஷம் வாரியம் அமைக்க நேர்ந்தது. கணக்கில்லாத வக்பு கரையும்.

நாலாவது, பிள்ளையின் மானம். பெயர் சொல்லி அழைத்து, வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். யாருக்கு எது தேவை என்பது வாத்தியாருக்குத் தெரியும். அவர் கையாலே போகட்டும்.

சகோதரர்களே! மனிதன் மவுத்தானால் அவனுடைய அமல்களின் ஏடு மூடப்படுகிறது; நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் தொடர்ந்து பதிவாகும் என்பதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்து அலமாரியில் நாம் வைக்கும் ஓர் அகராதி தர்மமாகவும் நிற்கிறது, கல்வியாகவும் நடக்கிறது. அதைப் புரட்டும் ஏழைப் பிள்ளை நமக்காக ஒரு துஆச் செய்தால் மூன்றாவதும் கிடைத்தது போலாகாதா? நம் கடையைப் பூட்டிய பிறகும் நடக்கும் வியாபாரம் இதுவன்றி வேறெது?

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் கல்வியில் விருத்தியையும், கற்பிக்கும் உஸ்தாதுமார்களுக்கும் வாத்தியார்களுக்கும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.