வயிறில்லாத வேலையாள்

சிவகாசியில் காலண்டர் பருவம் ஆடிப் பதினெட்டில் தொடங்கிவிடுகிறது. அன்று அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்களை வெளியிடும். அதன் பின் மார்கழி வரை இயந்திரங்களுக்கும் ஓய்வில்லை, மனிதர்களுக்கும் ஓய்வில்லை. அப்படியொரு பருவத்தின் நடுவே, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது, சிறு அச்சகம் நடத்தும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

"நம்ம ஆபீஸ்ல இருபது வருஷமா ஒரு தம்பி டிசைன் போடுறார், பாய். இப்ப என் மகன், கம்ப்யூட்டர்கிட்ட இன்ன மாதிரி வேணும்னு சொன்னாப் போதும், படம் தானா வருதுங்கிறான். நாலு படம் போட்டும் காட்டிட்டான். அந்தத் தம்பியை நிறுத்திட்டா அது குத்தமாகுமா?"

செயற்கை நுண்ணறிவு என்று பத்திரிகைகள் எழுதுவதும், ஏ.ஐ. என்று பிள்ளைகள் சொல்வதும் இதைத்தான். 'ஆகும்' என்றோ 'ஆகாது' என்றோ நாம் உடனே சொல்லிவிடவில்லை. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் பொறுப்பு, அது நமக்கில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் வியாபாரி இலாபக் கணக்கைப் பார்க்கும் முன் இப்படியொரு கேள்வியைக் கேட்கிறார் என்பதே நமக்கு ஆறுதலாக இருந்தது. அவரோடு சேர்ந்து நாமும் சிந்தித்ததை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கருவி என்பது பாவமன்று. நூஹ் (அலை) அவர்கள் மரக்கலம் செய்தார்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்தான். அவர்கள் போர்க்கவசம் செய்து, தம் கையுழைப்பால் உண்டார்கள். புதிய கருவி என்றாலே முகம் சுளிப்பது மார்க்கப் பற்றாகிவிடாது. உதுமானிய ஆட்சியில் துருக்கி மொழி நூல்களை அச்சிட 1727-இல்தான் அனுமதி கிடைத்தது. அப்போதும் மார்க்க நூல்களுக்கு விலக்கு வைத்தார்கள். அந்தத் தயக்கத்தால் அறிவுலகில் நமக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. நம் தமிழகத்திலோ, பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் அச்சாகி வீடு வீடாகச் சென்றன. அந்தக் கல்லச்சு இல்லாதிருந்தால் எத்தனை வீடுகளில் மார்க்க ஞானம் நுழைந்திருக்கும்?

ஆகவே, கருவி ஆகுமா ஆகாதா என்பதில் நமக்குச் சிக்கலில்லை. அது யாருடைய கையில் இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். அன்சாரித் தோழர் ஒருவர் யாசகம் கேட்டு வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவர் வீட்டிலிருந்த ஒரு துணியையும் ஒரு பாத்திரத்தையும் வரவழைத்து, இரண்டு திர்ஹத்துக்கு ஏலத்தில் விற்றார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றில் கோடரி வாங்கி வரச் சொல்லி, தம் திருக்கரத்தாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார்.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கோடரி அவருடைய கைக்கு வேலை தந்தது. வெறுங்கையோடு நின்றவரை உழைப்பாளியாக்கியது. இன்றைக்கு வரும் கருவியிடமும் நாம் கேட்க வேண்டியது இதுவே: நீ இந்த மனிதனின் கைக்கு வருகிறாயா, அல்லது இவன் கையிலிருப்பதைப் பறிக்க வருகிறாயா?

இந்தக் கேள்வி நம் பகுதிக்குப் புதிதன்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் ஏழைகளின் கைகளுக்கு வேலை கிடைத்தது. அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டு முதலாளிகளின் விம்கோ நிறுவனம் பெரும் இயந்திரங்களோடு இந்தியாவில் இறங்கியது. இயந்திரத்தோடு கை போட்டியிட்டு வெல்வது நடக்கிற காரியமா? ஆனாலும் கை பிழைத்தது. சுதந்திர இந்தியாவின் அரசு இயந்திரத் தீப்பெட்டிக்குக் கூடுதலாகவும், கையால் செய்த தீப்பெட்டிக்குக் குறைவாகவும் கலால் வரி விதித்ததே அதற்கு முக்கியக் காரணம். ஜி.எஸ்.டி. வந்த 2017-இலும் கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்ற வேறுபாடு இருந்தது. 2020 ஏப்ரலில்தான் அனைத்துக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கப்பட்டது. இயந்திரம் வந்தால் மனிதன் ஒதுங்கியே தீரவேண்டும் என்பது விதியன்று. ஒரு சமுதாயம் விரும்பினால் வேறு விதமாகவும் முடிவு செய்யலாம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

அதற்காகக் கைத்தொழில் அனைத்தும் புனிதம் என்று நாம் சொல்ல வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்கியவை யாருடைய கைகள்? விடியுமுன் எழுப்பப்பட்டு, தூக்கக் கலக்கத்தோடு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கைகளும் அவற்றில் இருந்தன. 1986-இல் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கையென்றாலும் இயந்திரமென்றாலும், அநீதி அநீதிதான்.

இனி, இக்கருவியை விற்பவர்கள் தரும் வாக்குறுதிக்கு வருவோம். வேலை குறையும், பொருள் மலியும், வாழ்க்கை எளிதாகும் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் இது முதல் முறையாகச் சொல்லப்படும் வாக்குறுதி அல்லவே! பேரக்குழந்தைகளின் காலத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதுமானதாக இருக்கும் என்று 1930-இல் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் எழுதினார். அந்தப் பேரக்குழந்தைகளும் பிறந்து முதியவர்களாகிவிட்டார்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் பதினைந்து மணி நேர வாரம் வாய்க்கவில்லை. 2024-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேரன் அசெமோக்லு, செயற்கை நுண்ணறிவால் பத்தாண்டுகளில் கூடும் உற்பத்தித் திறன் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைக் கூட எட்டாது என்று அதே ஆண்டில் கணக்கிட்டார். விற்பவர் சொல்வதையும் கணக்கிடுபவர் சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது அறிவுடைமை.

சரி, பொருள் மலிகிறது என்றே கொள்வோம். எந்தப் பொருள் மலிகிறது? தீப்பெட்டியையே எடுத்துக் கொள்ளுங்கள். 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினான்கு ஆண்டுகள் அதன் விலை அசையவில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அரிசி காத்திருந்ததா? பருப்பு காத்திருந்ததா? வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் மருந்துக்கடைச் சீட்டும் காத்திருந்தனவா? தொழிலாளி செய்யும் பொருள் மலிவாகவே இருந்தது. அவன் வாங்கும் பொருள் ஏறிக்கொண்டே போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குவதுதான் குடும்பம். கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் நூறு படம் போடலாம். அந்த நூறு படத்தில் ஒன்றாவது உலையில் வேகுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். டிசைன் போடும் தம்பிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்கே போகிறது? மளிகைக்கடைக்குப் போகிறது, டீக்கடைக்குப் போகிறது, வாடகையாக ஒரு விதவைத் தாயின் கைக்குப் போகிறது. ஊருக்குள்ளேயே நாலு வீடு சுற்றி, அச்சகத்துக்கே வேலையாகத் திரும்பியும் வருகிறது. கருவிக்குக் கட்டும் மாதச் சந்தாவோ கடல் கடந்து போய்விடுகிறது. வயிறில்லாத வேலையாளுக்குக் கொடுத்த கூலி எந்த வயிற்றையும் நிரப்பாமல் போவதில் வியப்பென்ன?

நம் மனத்தை உறுத்துவது வேறொன்றும் உண்டு. இந்தப் பகுதியில் இயந்திரம் அவசியமாக வேண்டியிருப்பது எங்கே? மருந்து கலக்கும் அறையிலே. மருந்து செலுத்தும் அறையிலே. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள்! உராய்வும் தீப்பொறியும் எமனாகும் அந்த இடத்தில் இயந்திரத்தைக் கொண்டு வைப்பது எளிதன்று என்பது உண்மைதான். ஆனால் உலகத்தின் அறிவும் பணமும் திரண்டு செய்த கருவி, உயிருக்கு உலை வைக்கும் அந்த வேலையை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைபவரின் வேலைக்கு முதலில் வந்து நிற்கிறதே, ஏன்? உயிரை எங்கே காக்கலாம் என்று தேடி அது வரவில்லை. கூலியை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடி வருகிறது. குற்றம் கருவியுடையதன்று, அதை அனுப்பி வைப்பவர்களின் நோக்கத்துடையது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நமக்குப் பால பாடமன்றோ!

மீண்டும் அந்த அச்சகத்துக்கு வருவோம். மகன் போட்டுக் காட்டிய நாலு படங்களில் ஒன்று, ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தின் காலண்டருக்கானது. பச்சைப் பின்னணி, பொன்னிற எழுத்து, கண்ணைப் பறிக்கும் அழகு. அதைத் தகப்பனார் அந்தத் தம்பியிடம் காட்டினார். அவர் முஸ்லிம் அல்லர். அரபு எழுத்தும் அறியாதவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "முதலாளி, இதை ஹஸ்ரத்கிட்டக் காட்டிட்டுத்தானே போடுவோம்?" என்றாராம். காட்டினார்கள். ஹஸ்ரத் அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதில் எழுத்தே இல்லையே, அப்பா! எழுத்து மாதிரி கோடுகள்தான் இருக்கு" என்றார்களாம். பிஸ்மி என்று நினைத்தது பிஸ்மியாக இல்லை.

அரபு மட்டுமன்று, இக்கருவிகள் எந்த மொழி எழுத்தையும் படமாக வரையும்போது இப்படிச் சிதைப்பதுண்டு. வளர வளர இது திருந்தலாம். இல்லாத நூலையும், சொல்லப்படாத செய்தியையும் உள்ளது போலவே கூசாமல் எழுதித் தரும் குணமும் அதற்கு உண்டு. பிள்ளைகள் இதனிடம் ஹதீஸ் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வீடுகளில் பெற்றோர் விழிப்பாக இருப்பது கடமை. ஆனால் நாம் சொல்ல வருவது அதன் தவறுகளைப் பற்றியன்று. மனிதனும் தவறு செய்கிறான். அந்தத் தம்பி அரபு அறியாதவர். இருந்தும் இருபது ஆண்டுகளாக ஒரு புள்ளியைக் கூட ஆலிமிடம் காட்டாமல் நகர்த்தியதில்லை. 'இது ஒருவர் வேதம்; என் கையால் பிழை வரக்கூடாது' என்ற அச்சம் அவரிடம் இருக்கிறது. கருவிக்கு அச்சமில்லை. வெட்கமில்லை. நாளை அதனிடம் கேள்வி கணக்கும் இல்லை. கணக்கில்லாத ஒன்றிடம் அமானத்தை ஒப்படைத்தால், அதன் கணக்கும் சேர்ந்து ஒப்படைத்தவர் தலையில்தான் விழும்.

இவ்வளவும் பேசியபின் அந்தச் சகோதரரிடம் நாம் மூன்று விஷயங்களைச் சொன்னோம்.

ஒன்று: உங்கள் தொழிலே மூழ்கும் நிலை வந்து, வேறு வழியின்றி ஒருவரை நிறுத்துவது வேறு, மிச்சம் பிடிக்கும் ஆசையால் நிறுத்துவது வேறு. எது என்பதை உங்கள் உள்ளம் அறியும். அதைப் படைத்தவன் அதைவிட நன்கறிவான்.

இரண்டு: நிறுத்தியே ஆகவேண்டும் என்றாலும், இருபது ஆண்டு உழைப்பின் பாக்கி ஒரு காசு விடாமல் அவர் கைக்குப் போகவேண்டும். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியை மறுத்தவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதியாக நிற்பான் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறோம்.

மூன்று: நிறுத்தும் முன், அந்தக் கருவியை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுத்த சுன்னத் அதுதான்.

அவர் மூன்றாவதைச் செய்தார். இப்போது அந்தத் தம்பி கருவியைக் கொண்டு பின்னணிகளைப் போடுகிறார், எழுத்தைத் தம் கையால் அமைக்கிறார், ஹஸ்ரத்திடம் காட்டுகிறார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நாம் எழுதிவிட முடியாது. "வாடிக்கையாளர்களே, ஏ.ஐ.லதானே போடுறீங்க, அப்ப ரேட்டைக் குறைங்கன்னு கேக்குறாங்க, பாய். இந்த வருஷம் தாக்குப் பிடிச்சாச்சு. அடுத்த வருஷம் எப்படியோ" என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. அந்த வாடிக்கையாளர் யார்? நாம்தான்! ஜமாஅத்துக் காலண்டருக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும், மதரஸா ஆண்டு விழா நோட்டீசுக்கும் ஐம்பது ரூபாயைக் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுவது நாமல்லவா? மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை. எவருக்கும் அநீதி செய்த பழி தம்மீது இல்லாத நிலையில் இறைவனைச் சந்திக்கவே விரும்புவதாகக் கூறினார்கள். விலை என்பது வெறும் எண்ணன்று, அதன் மறுபுறத்தில் ஒரு மனிதனின் ஹக் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆகவே, சகோதர சகோதரிகளே! அடுத்த முறை ஒன்று மலிவாகக் கிடைத்தால் மகிழும் முன் ஒரு கணம் நின்று, 'இது எப்படி மலிந்தது? யாருடைய சட்டியிலிருந்து குறைந்தது?' என்று கேட்டுப் பார்ப்போம். பதில் எப்போதும் கிடைக்காது. ஆனால் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கும் வரை, வயிறில்லாத வேலையாள் வந்தாலும் வயிறுள்ளவர்களை நாம் மறக்க மாட்டோம்.

ஹலாலான உழைப்பையும், அதில் பரக்கத்தையும், பிறர் ஹக்கை அஞ்சும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.