லாபான் வீட்டுக் கணக்கு

யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடக்கு. அன்று பெங்களூர்க் கறிக்கடைகளில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவாஜிநகர் பக்கமும் அப்படித்தான். அதைத் தவிர்க்க ஓசூரிலோ கோலார் பக்கமோ ஆடு வளர்க்கும் மாமனுக்கு, சித்தப்பாவுக்குப் போன் போடுகிறவர்கள் நம்மில் பலர். எல்லாம் பேசி முடித்து விலை என்று வரும்போது, "நமக்குள்ள என்ன கணக்கு, பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அன்பாகத் தோன்றும் இந்தப் பேச்சில்தான் அநியாயம் நுழைகிறது. விலை பேசாமல் விட்டால் நஷ்டம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர் தலையில்தான் விழும். உறவுக்குள் அவர் பெரும்பாலும் வளர்த்தவராகவே இருப்பார்.

இதற்கு வேதத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. ஆதியாகமம் 29-ல் லாபான், சகோதரி மகன் யாக்கோபிடம், சொந்தக்காரன் என்பதற்காக நீ சும்மா உழைப்பானேன், கூலியைச் சொல் என்கிறான். நியாயமான தொடக்கம். 31-ம் அதிகாரத்துக்கு வரும்போது, பத்துமுறை கூலியை மாற்றினாய் என்று அதே மருமகன் முகத்துக்கு நேரே கேட்கிறான். அங்கே யாக்கோபு அடுக்குவதைப் பலர் புலம்பலாகப் படித்துவிட்டுப் போகிறோம். நிதானமாகப் பார்த்தால் அது ஒரு வளர்ப்புச் செலவுப் பட்டியல்: இருபது வருஷ உழைப்பு, மிருகம் பீறிய ஆட்டுக்கும் திருட்டுப்போன ஆட்டுக்கும் தானே கட்டிய ஈடு, பகல் வெயில், இராக் குளிர், போன தூக்கம். இன்றைய பட்டியலில் தீவனமும் குடற்புழு மருந்தும் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிகளும் சேரும். நோயில் செத்த குட்டிக்கு ஆன செலவையும் பிழைத்த ஆட்டின் விலைதான் சுமக்க வேண்டும். வாங்குகிறவர் கண்ணில் படாத கணக்கு இது.

சொந்தத்தில் கணக்குப் பார்த்தால் பாசம் போய்விடாதா என்பார்கள். லாபான் வீட்டில் பாசத்தைக் கெடுத்தது கணக்கா? பேசிய கணக்கை மாற்றிக்கொண்டே போனதுதானே! இன்னொரு கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு: கடை வாடகை இல்லை, தரகு இல்லை, பிறகு ஏன் கடை விலை? உண்மைதான். ஆனால் மிச்சமாகும் அந்தப் பணம் முழுவதும் வாங்குகிறவருக்கே சேரவேண்டும் என்று யார் சொன்னது? சந்தையில் வியாபாரி வளர்த்தவருக்குக் கொடுக்கும் விலை ஒன்று, கடையில் நாம் கொடுக்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருவருக்கும் லாபமான இடம் இருக்கிறது. அதைத் தேடுவது பேரம் ஆகாது. வாங்கும்போது மட்டம் என்று குறைசொல்லி, வீட்டுக்குப் போனபின் மலிவாக அடித்துவிட்டதாகப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20-ம் அதிகாரம் ஒரே வசனத்தில் காட்டிக்கொடுக்கிறது. அவன் நம் அபார்ட்மெண்டிலும் குடியிருக்கிறான். வளர்த்தவர் மனமுவந்து குறைத்தால் அது அவர் கொடை, நாம் கேட்டு வாங்கும் உரிமையல்ல. கையில் பணம் இல்லையென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கறி வாங்குவதற்கு இத்தனை தர்மமா என்று சைவர்கள் சிரிக்கலாம். வள்ளுவரே புலால் மறுத்தலில் வாங்குகிறவனையும் பொறுப்பாளியாக்குகிறார். அந்தக் கண்டிப்பை ஏற்காமல் உண்கிறவர்களுக்கும் பொறுப்பு மட்டும் அப்படியே மிஞ்சுகிறது: நமக்காக ஓர் உயிர் போகிறது, அதை வளர்த்தவரின் உழைப்பும் கூடவே போகிறது.

ஆகவே அறுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். உயிர் எடைக்கு விலையா, கறி எடைக்கா? 30 கிலோ ஆட்டில் கறி ஏறக்குறைய பாதிதான் தேறும். இது தெரியாமல் பின்னால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தலையும் காலும் குடலும் யாருக்கு, தோல் யாருக்கு, அறுப்புக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பணத்தை அன்றைக்கே கொடுங்கள்.