தோமா கேட்ட காயம்

சேலையூரிலும் கிழக்குத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாடகை ஹால்களிலும் மொட்டைமாடிக் கொட்டகைகளிலும் ஆராதனை நடக்கும். அதில் ஒரு பகுதிக்குச் சாட்சி நேரம் என்று பெயர். யாராவது ஒருவர் எழுந்து மைக்கை வாங்குவார். மகளுக்கு விடாத காய்ச்சல், டாக்டரே கையை விரித்துவிட்டார். கடன்காரன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாக வேலை இல்லை. பிறகு ஜெபம், பிறகு விடுதலை. கதை எங்கே திரும்பும் என்று கூட்டத்துக்கு முன்பே தெரியும், அதனால் ‘ஸ்தோத்திரம்’ தவறாமல் அதனதன் இடத்தில் வந்து விழும். சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். கேட்டவர்கள் மனசு லேசாகி வீட்டுக்குப் போவார்கள்.

இன்னொரு வகைச் சாட்சியும் உண்டு. அதில் விடுதலை என்ற பகுதி வராது. பிழைத்து வந்தவர், தான் மட்டும் பிழைத்ததைச் சொல்லவே கூசுவார். கேட்பவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல இடம் கிடைக்காது. நாஜி முகாம்களிலிருந்து மீண்ட யூதர்கள் சொன்னது அந்த வகை. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்திப் பெண்கள் சொன்னதும் அதே வகை. இப்படி ஒன்றைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? நம்ப வேண்டுமா, சோதித்துப் பார்க்க வேண்டுமா, அழுதுவிட்டு எழுந்து போகலாமா?

இந்தக் கேள்விக்கென்றே ஒரு மலை தென்சென்னைப் புறநகரில் நிற்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 72-இல் இங்கே ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. போர்த்துகீசியர் 1523-இல் உச்சியில் கோயில் கட்டினார்கள். 1547-இல் அங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையில் இரத்தம் கசிந்ததாகச் சொல்லி மக்கள் இன்றும் படியேறுகிறார்கள்.

தோமாவின் பெயர் உலகத்தில் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய சந்தேகம். உயிர்த்தெழுந்தவரைப் பார்த்தோம் என்று கூட இருந்த சீடர்கள் எல்லாரும் சொன்னார்கள். தெரியாத ஆட்கள் அல்ல, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவர்கள் பேச்சு தோமாவுக்குப் போதவில்லை. ஆணி பாய்ந்த தழும்பில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். எட்டு நாள் கழித்துக் காயம் அவர் முன்னால் வந்து நின்றது. அவர் தொட்டார் என்று யோவான் எழுதிய சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. காயத்துக்குள் விரலை நுழைத்தது கரவாஜ்ஜோ போன்ற ஓவியர்கள்தான். நூலில் இருக்கும் தோமா பார்க்கிறார், பேச்சு வந்துவிடுகிறது, அதோடு சரி. அதற்குப் பிறகுதான் அவர் கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்து, தானே சாட்சியாகி, அடுத்தவர் நம்புவார்களா மாட்டார்களா என்று நிற்கும் நிலைக்கு ஆளானார் என்கிறது மரபு. இரத்தசாட்சி என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு முதல் பொருளே சாட்சிதான்.

அடுத்தவர் வாயால் கேட்டது அறிவு ஆகுமா என்ற வழக்கு நம் ஊரிலும் பழையது. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் ஏற்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பௌத்தத் தர்க்கம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. உரைக்குத் தனி இடம் இல்லை, அதுவும் அனுமானத்துக்குள் அடங்கியது. நியாய மரபுக்காரர்கள் உரையைத் தனி அளவையாகவே வைத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: சொல்பவர் ஆப்தராக, அதாவது விஷயத்தை நேரே அறிந்தவராகவும் அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். யார் அப்படி இருக்க முடியும்? ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்று எழுதிவைத்தார். அந்த வரியின் வயதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அதை யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்பதில் வியப்பில்லை.

சாட்சி சொல்லும் தகுதி யாருக்கு என்ற சண்டை தாம்பரத்திலேயே ஒருமுறை உலக அளவில் நடந்திருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1937-இல். மறு வருஷம் டிசம்பரில் அங்கே சர்வதேச மிஷனரி கவுன்சிலின் மாநாடு கூடியது. முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்தது, ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே வந்தது. கிறிஸ்துவின் வெளிப்பாட்டை வேறெந்த மதத்தின் தேடலோடும் ஒரு தொடர்ச்சியாகப் பார்க்க முடியாது என்று டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் அவர்களுடைய நண்பர்களும் அதை மறுத்து ஒரு நூலே கொண்டுவந்தார்கள். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், நவம்பர் 9 இரவில், ஜெர்மனியெங்கும் யூத ஜெபாலயங்கள் எரிந்திருந்தன.

எரிந்ததைவிடப் பெரிய நெருப்பு மூண்டுவிட்டது என்று வந்து சொன்னவர்களைப் பலர் நம்பவில்லை. போலந்துக்காரர் யான் கார்ஸ்கி 1942-இல், யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த வார்சா கெட்டோவுக்குள் இரகசியமாக நுழைந்து கண்ணால் கண்டதை மனத்தில் ஏந்திக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1943-இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிராங்க்பர்ட்டரும் யூதர். கேட்டு முடித்துவிட்டு, இந்த இளைஞன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, என்னால் நம்ப முடியவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பிழைத்து வந்தவர்கள் வீட்டுக்குள்ளும் பேசாமல் இருந்த காலம் அதற்குப் பிறகும் நீண்டது. 1961-இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையில் கூண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வரிசையாக ஏறிப் பேசி, அது வானொலியில் ஒலித்த பிறகுதான் இஸ்ரேலிலேயே பலர் பக்கத்து வீட்டுக்காரரை முதல்முறையாகக் கேட்டார்கள்.

பிராங்க்பர்ட்டரின் மனம் நொறுங்கிவிடுமே என்று பயந்தது. கீழ்வெண்மணி வழக்கில் வேறொன்று நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ராமையாவின் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் வந்த காரணங்களில் ஒன்று. உயிர் பிழைத்தவர்களின் பேச்சு ஒரு தட்டில், கார் இன்னொரு தட்டில். இன்னொரு பக்கம், நீதி கேட்டு வந்த ஒரு பெண் சிலம்பை உடைத்ததும் தெறித்த ஒரு மாணிக்கப் பரலைப் பார்த்து அரியணையிலேயே உயிரை விட்ட பாண்டியன் கதை நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

வாச்சாத்தி அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டு என்று பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கூட்டிப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். இது வெளியே வந்தபோது, வீடுகளை ஊரார் தாங்களே இடித்துக்கொண்டார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, 1995-இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்தப் பெண்கள் ஒரே கதையைப் போலீஸிடம், ஆணையத்திடம், சிபிஐயிடம், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை வக்கீல்களிடம் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காயத்தைக் கொண்டுவந்து காட்டு என்று தோமாக்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று ஆனது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே போனார். மண் சாலை, ஏரி, வீடுகள் எல்லாவற்றையும் பார்த்தார், பெண்களிடம் பேசினார். அந்த வருஷம் செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னார். காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்பதில் இரண்டு விதம் இருப்பது இங்கே தெரிகிறது. காயத்தை என் இருக்கைக்குக் கொண்டுவா என்பது ஒன்று. காயம் இருக்கிற இடத்துக்கு நான் வருகிறேன் என்பது மற்றொன்று. முதலாவதில் சாட்சிதான் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். இரண்டாவதில் நடப்பது கேட்பவர்.

அப்படிப் போனாலும் கேட்கத் தெரிய வேண்டும். நாஜி முகாம்களில் பிழைத்தவர்களின் பேச்சை யேல் பல்கலைக்கழகத்துக்காகப் பதிவு செய்த மனநல மருத்துவர் டோரி லாப் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் நடந்த கலகத்தை ஒரு பெண் விவரித்தார். நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறியதாகச் சொன்னார். வெடித்தது ஒன்றுதான், இவர் நினைவு நம்பத்தக்கதல்ல என்றார்கள் வரலாற்றாசிரியர்கள். லாப் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை தவறு. ஆனால் நடக்கவே நடக்காது என்று எல்லாரும் நினைத்த ஒன்று அந்த இடத்தில் நடந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி என்றார். லாபும் சின்ன வயதில் முகாமுக்கு நாடுகடத்தப்பட்டுப் பிழைத்தவர். நீதிமன்றத்துக்கு எண்ணிக்கை வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கை பிசகிய இடத்திலேயே காதை மூடிக்கொள்கிறவருக்கு அந்தப் பெண் சொன்னதில் பாதிதான் போய்ச் சேரும்.

கீழ்வெண்மணி, வாச்சாத்தி இரண்டு ஊருக்கும் போய்க் கேட்டவர் என்று ஒருவரைச் சொல்லலாம். ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவில் வேலை பார்த்துவிட்டு 1968-இல் திரும்பி வந்த மைதிலி சிவராமன், கொஞ்ச நாளிலேயே கீழ்வெண்மணிக்குப் போனார். 1973 தீர்ப்பு வந்ததும் அந்தக் கார் வாதத்தைக் கிழித்து எழுதினார். இருபது வருஷம் கழித்து, வாச்சாத்திப் பெண்கள் சொன்னதைப் பதிவு செய்து தேசிய ஆணையம் வரை கொண்டுபோனவர்களிலும் அவர் இருந்தார். கேட்டதால் அவருக்கு நேர்ந்தது கண்ணீர் மட்டுமல்ல, வாழ்க்கையே வேறு பாதையில் போனது. வெண்மணிக் கட்டுரைகள் 2013-இல் நூலாகத் தொகுக்கப்பட்ட காலத்தில் அவருடைய நினைவை அல்ஸைமர் அரித்துக்கொண்டிருந்தது. 2021-இல் கொரோனாவில் இறந்தார். அவர் கேட்டவை எல்லாம் அவரிடமிருந்து போய்விட்ட பிறகும் தாளில் இருந்தன, இன்னும் இருக்கின்றன.

சேலையூர் ஹால்களில் எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி முடிவதில்லை. எப்போதாவது ஒருத்தி எழுந்து மைக்கை வாங்கி, தான் வாங்கிய அடியில் ஆரம்பித்து, அந்த அடியிலேயே நின்றுவிடுவாள். ஜெபம் வரும், விடுதலை வரும் என்று காத்திருக்கிற கூட்டத்துக்கு ஸ்தோத்திரம் எங்கே சொல்வதென்று புரியாது. கீபோர்டில் விரலை வைத்திருக்கும் பையன் அடுத்த பாட்டை எடுக்கலாமா என்று பாஸ்டரின் முகத்தைப் பார்ப்பான்.