படகு கரையில் நிற்கும்போதே

ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்திலிருந்து பெரியவர் ஒருவர் எழுதிய கடிதம் நம் முன் இருக்கிறது. சிறிய காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, தோட்டத்து வீடு, ஐந்து வேளைத் தொழுகை. இதுவே அவருடைய உலகம். ஒரே மகன் ஐரோப்பாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சென்ற ஜூன் மாதம் கம்பெனிக் கூட்டத்திற்காகப் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகருக்குச் சென்றாராம். கூட்டம் முடிந்த மாலை, உடன் வேலை செய்யும் பன்னிரண்டு பேர் ஒரு சிறிய படகில் ஏறி, ஆற்றில் சூரியன் மறைவதைப் பார்த்தபடி நான்கு வகைத் திராட்சை மதுவைச் சுவைத்துப் பார்க்கும் உல்லாசப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. மகனும் ஏறினார். யாரோ எடுத்த படம் செல்போன் வழியாக மலைக்கு வந்து சேர்ந்தது. படத்தில் மகன் கையில் ஒரு கண்ணாடிக் குவளை.

இரண்டு மாதமாகத் தகப்பனார் மகனுடன் பேசவில்லை. மகன் எழுதிய பதிலைத் தம் கடிதத்தோடு நமக்கு அனுப்பியிருக்கிறார். "அத்தா, என் குவளையில் இருந்தது தண்ணீர். ஒரு துளியும் நான் தொடவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அழைக்கும்போது எப்படி மறுப்பது?" என்று கேட்கும் மகன், முடிவில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "சனிக்கிழமை தோறும் நம் வீட்டு மொட்டைமாடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தா?"

அந்த வரியை மறைக்காமல் நமக்கு அனுப்பிய பெரியவரின் நேர்மை பாராட்டத்தக்கது. "மகன் செய்தது குற்றமா?" என்பதே அவருடைய கேள்வி. ஆனால் கடிதத்தில் இருப்பவை இரண்டு கேள்விகள். இரண்டையும் நாம் பார்ப்போம்.

அனுமதிக்கப்பட்டது எவ்வளவு!

முதலில் ஒன்றைச் சொல்லி விடுவோம். ஆற்றில் படகேறிச் செல்வது குற்றமல்ல. அந்தி வானத்தை ரசிப்பது குற்றமல்ல. பிற மதத்தாரோடு பழகுவதும், அவர்களோடு சிரித்துப் பேசி ஆகுமான உணவை உண்பதும் குற்றமல்ல. ஏற்காடு ஏரியில் குடும்பத்தோடு படகேறுபவர்களும், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்ப்பவர்களும் பாவிகள் அல்லர். அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து மனம் விரிவது ஈமானுக்கு நல்லதே.

நாவின் சுவையையும் மார்க்கம் பழிக்கவில்லை. செம்மநத்தத்துக்காரருக்கு இதைக் காப்பியைக் கொண்டே விளக்கலாம். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. ஆனால் காப்பியைப் பருகும் வழக்கம் உலகுக்கு யமன் நாட்டிலிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஸூபியாக்கள் இரவு திக்ருக்குக் கண் விழித்திருக்க அதைப் பருகினார்கள். 'கஹ்வா' என்ற அரபுச் சொல் பழங்காலத்தில் மதுவையும் குறித்தது. ஆகவே சிலருக்கு ஐயம் எழுந்தது. 1511-இல் மக்காவின் ஆளுநர் கைர் பேக் காப்பியைத் தடை செய்தார். அந்தத் தடை நிலைக்கவில்லை. காப்பி அறிவை மயக்குவதில்லை, விழிப்பூட்டுகிறது என்று கண்ட பிறகு முஸ்லிம் உலகம் அதை ஏற்றுக் கொண்டது. பெயரையும் நிறத்தையும் பார்த்து மார்க்கம் தீர்ப்புச் சொல்வதில்லை. அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதையே அது பார்க்கிறது.

அந்தப் படகில் இருந்தது என்ன?

போர்ட்டோ நகரம் டோரோ ஆற்றின் கரையில் இருக்கிறது. மேட்டு நிலத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து மதுப் பீப்பாய்கள் அந்த ஆற்று வழியாகவே படகில் வந்து, எதிர்க்கரையிலுள்ள காயா நகரின் கிடங்குகளில் இறங்கின. அந்தத் தோட்டப் பகுதிக்கு எல்லை வகுத்து அரசு 1756-இலேயே சட்டம் செய்தது. இன்று அந்த ஆற்றில் பயணிகளுக்காக ஓடும் படகுகள் பல.

'திராட்சை ரஸம்தானே' என்று சிலர் இலேசாகச் சொல்வார்கள். போர்ட் என்னும் அந்த மது, திராட்சைச் சாறு புளித்துக் கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தைக் கலந்து செய்யப்படுவது. இனிப்பாக இருக்கும், ஆனால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாராயம். சாதாரணத் திராட்சை மதுவை விட இது கடுமையானது.

சுவை பார்ப்பதற்கு ஒரு முறையும் உண்டு. நிறத்தைப் பார்த்து, குவளையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி நாவில் உருட்டிப் பிறகு துப்புவார்கள். காப்பி வியாபாரத்தில் கரண்டியால் உறிஞ்சித் துப்பித் தரம் பார்ப்பது போலத்தான். "விழுங்க வேண்டாம், துப்பி விடு" என்று மகனிடமும் ஒருவர் சொன்னாராம். மகன் இணங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! எது அதிகமானால் போதை தருமோ அதில் சிறிதளவும் கூடாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. மேலும் நம் இமாம்களின் பெரும்பான்மையான முடிவின்படி மது நஜீஸ். அசுத்தத்தை வாயில் வைத்துத் துப்பினால் அது சுத்தமாகி விடுமா?

குடிக்காமல் இருந்தால் போதுமா?

மகன் குடிக்கவில்லை. அதை நாம் நம்புகிறோம். அப்படியானால் குற்றம் எங்கே?

அந்நிஸா அத்தியாயத்தின் 140-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். இறை வசனங்கள் மறுக்கப்பட்டுப் பரிகசிக்கப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்குத் திரும்பும் வரை உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவர்களே என்ற கருத்தை அது எச்சரிக்கையாகச் சொல்கிறது. மது சுற்றி வரும் விரிப்பில், அல்லாஹ்வையும் மறுமையையும் நம்பியவர் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய கூட்டம் ஒன்று கொண்டு வரப்பட்டது. அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. அவரையும் கலீபா விடவில்லை. இந்த வசனத்தைக் காட்டி அவருக்கும் தண்டனை கொடுத்தார்கள் என்று விரிவுரைகளில் காண்கிறோம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? சபைக்கு ஒரு பலம் உண்டு. தனியாக இருக்கும்போது நினைத்தும் பாராத ஒன்றை, பத்துப் பேர் சிரித்துக் கொண்டு செய்யும்போது நாமும் செய்து விடுகிறோம். முதல் முறை தண்ணீர்க் குவளை. இரண்டாம் முறை கூச்சம் குறைகிறது. மூன்றாம் முறை துப்பச் சொன்னவரின் யோசனை அவ்வளவு தவறாகத் தோன்றுவதில்லை. குடிப்பவர்களில் பலர் குடிக்கும் ஆசையால் தொடங்கியவர்கள் அல்லர். உட்கார்ந்த இடத்தால் தொடங்கியவர்கள்.

சூரியன் மறையும் நேரம்

இன்னொன்றையும் நாம் மறந்து விடுகிறோம். உலகத்தார் உல்லாசத்துக்குத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பொழுது, முஸ்லிமுக்கு அழைப்பு வரும் பொழுது. ஐந்து வக்துகளில் மிகக் குறுகியவற்றுள் ஒன்று மக்ரிப். போர்ட்டோவில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. படகு அந்த நேரத்தை எதிர்பார்த்தே புறப்படுகிறது. பயணி மக்ரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபில் சலுகை உண்டு. ஹனபி மத்ஹபில் இல்லை. படகில் தொழுவதும் ஆகும். மரக்கலமேறிக் கடல் கடந்த நம் மரைக்காயர்கள் அலைமேல் தொழுதவர்கள்தாம். ஆனால் மது சுற்றி வரும் அந்தச் சபையின் நடுவே எழுந்து தக்பீர் கட்ட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மகன் அன்றைய மக்ரிபைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை, அவரே தம்மைக் கேட்டுக் கொள்வார்.

மதுவும் சூதும் தடுக்கப்பட்டதற்கு அல்மாயிதா அத்தியாயம் (5:91) சொல்லும் காரணம் இரண்டு. அவை மனிதரிடையே பகையை மூட்டுகின்றன. இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கின்றன. இங்கே மகன் ஒரு துளியும் அருந்தாமலே இரண்டும் நடந்து விட்டன. தொழுகை தடுமாறியது. தந்தையும் மகனும் பேசாமல் போனார்கள்.

கரையில் எடுக்க வேண்டிய முடிவு

தரையில் நடக்கும் விருந்தில் குப்பி வந்தால் எழுந்து போகலாம். ஓடும் படகிலிருந்து எங்கே எழுந்து போவது? எழுந்து செல்லும் வழி இல்லாத இடத்தில், ஏறுவதற்கு முன்பே முடிவு செய்து விட வேண்டும். நம் இளைஞர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும். படகு என்பது படகு மட்டுமல்ல. கம்பெனி விருந்து, கல்லூரிச் சுற்றுலா, கூட்டு வியாபாரம் எல்லாம் சில வேளைகளில் படகுகளே. உள்ளே போன பின் 'எப்படி மறுப்பது?' என்று கேட்பவர், கேள்வியைத் தாமதமாகக் கேட்கிறார்.

மறுப்பதில் இழப்பே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். சபையில் சேராதவரை உலகம் கொஞ்சம் ஒதுக்கத்தான் செய்யும். ஆனால் மறுப்பு முகச்சுளிப்பாக இருக்க வேண்டியதில்லை. "அது எனக்குத் தொழுகை நேரம், மதுவும் எங்களுக்கு ஆகாது, நாளைக் காலை உங்களுக்கெல்லாம் எங்கள் மலைக் காப்பி போட்டுத் தருகிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால், நல்லவர்கள் மதிப்பார்கள். அழைத்தவர்களை இழித்துப் பேசவும் வேண்டாம். அவர்களுக்கு அது விலக்கப்பட்டதென்று தெரியாது, நமக்குத் தெரியும்.

மொட்டைமாடிக் கேள்வி

இப்போது பெரியவருக்கு. குவளையைப் பார்த்தீர்கள், குவளைக்குள் இருந்ததைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னீர்கள். சந்தேகத்துக்கு இடமளித்தது மகனின் தவறு. விசாரிக்காமல் நம்பியது தங்கள் தவறு. எண்ணங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) நமக்குக் கட்டளையிடவில்லையா?

மொட்டைமாடிக்கு வருவோம். தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதாகவும், அந்தி பார்க்க மாடியில் நாற்காலிகள் போட்டிருப்பதாகவும், கேட்டால் வேலைக்காரப் பையன் குவளையும் ஐஸும் கொண்டு போய்க் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "குப்பி அவர்களுடையது, நாங்கள் விற்பதில்லை" என்கிறீர்கள். மகனும் அதைத்தானே சொன்னார்? "குவளை என்னுடையது, மது என்னுடையதல்ல" என்று!

தங்குவதற்கு அறை கொடுப்பது வேறு, குடிப்பதற்கு இடம் அமைத்துக் கொடுப்பது வேறு என்று உலமாப் பெருமக்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். அறையை விடுங்கள், அது தங்கள் பிழைப்பு. பூட்டிய அறைக்குள் விருந்தினர் செய்வதைத் துருவிப் பார்ப்பது தங்கள் வேலையல்ல. ஆனால் நாற்காலியும் குவளையும் ஐஸும் தங்களுடையவை. மது விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாக வரும் ஹதீஸில் அருந்துபவர் ஒருவர் மட்டுமே. பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர் என்று மற்றவர்கள் வருகிறார்கள். அந்த வேலைக்காரப் பையனின் பாவத்தையும் நாமே தூண்டலாமா?

அரசாங்கம் தடுக்கவில்லையே என்று சொல்லலாம். இதே சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி மந்திரி சபை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடின. பின்னர் மீண்டும் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. சட்டம் வரும், போகும். நம் வீட்டு மாடிக்குச் சட்டம் போடும் அதிகாரம் நம்மிடம்தான் இருக்கிறது.

மதீனாவில் மது விலக்கப்பட்ட நாளை எண்ணிப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் விருந்து. ஊற்றிக் கொடுத்துக் கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. அபூதல்ஹா மறுவார்த்தை பேசவில்லை. கொண்டு போய்க் கொட்டி விடு என்றார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அன்று பெரியவர் சொன்னார், இளையவர் செய்தார். இரு தலைமுறையும் ஒரே நேரத்தில் கை கழுவின.

செம்மநத்தத்திலும் அப்படியே நடக்கட்டும். அடுத்த சனிக்கிழமை அந்தி சாயும் முன் மாடியில் ஒரு பலகை வையுங்கள்: இங்கே மது அருந்த வேண்டாம் என்று. நாற்காலிகள் இருக்கட்டும். விருந்தினருக்குத் தங்கள் தோட்டத்துக் காப்பியைக் கொடுங்கள். சிலர் வராமல் போகலாம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். மக்ரிப் தொழுது விட்டு மகனுக்குப் போன் செய்யுங்கள். முதலில் மாடியைப் பற்றிச் சொல்லுங்கள். படகைப் பற்றி அவரே பேசுவார்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் கரைகளிலும், நம்மை நம் வீட்டுத் திண்ணைகளிலும் காத்தருள்வானாக! ஆமீன்.