ஆமை புகுந்த வீடு

அன்பினால் செய்யும் ஒரு செயல் குற்றமாக முடியுமா? பழமையான இந்த அறக்கேள்வியை நட்சத்திர ஆமை என்னும் சிறிய உயிர் நம் நகரங்களில் மீண்டும் எழுப்புகிறது.

பெங்களூரில், தமிழர் செறிந்து வாழும் ஸ்ரீராம்புரத்தில் ஓர் எளிய குடும்பத்தைக் கற்பனை செய்வோம். ஆமை வளர்த்தால் செல்வம் சேரும் என்று எவரோ கூற, அவர்கள் ஒன்றை வாங்குகின்றனர். கீரையும் வெள்ளரியும் தந்து பிள்ளையைப் போல் பேணுகின்றனர். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் பழமொழி. இன்றோ ஆமையைத் தொடர்ந்தே அமீனாவும் வரக்கூடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த இவ்வாமை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புலி, யானையோடு முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை.

'நாங்கள் இதற்கு என்ன தீங்கு செய்தோம்?' என்று அக்குடும்பத்தார் திகைப்பர். தீங்கு உணவூட்டியதில் இல்லை, வாங்கியதில் உள்ளது. முட்புதர்க் காட்டில் பிடிபட்ட ஆமைகள் பெட்டிகளில் நெருக்கி அடைக்கப்பட்டு ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு செல்கின்றன. பல வழியிலேயே மடிகின்றன. ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமையைப் புலனடக்கத்திற்கு உவமையாகக் கீதையும் காட்டுகிறது, குறளும் காட்டுகிறது. ஆனால் பிடித்தவன் கையில் அது ஒடுங்குவது அச்சத்தால். கூக்குரலிடத் தெரியாத உயிரைக் கடத்துவது எளிது. அதை வாங்கியவரோ 'எவ்வளவு சாது!' என்று மகிழ்கிறார்.

சரி, உண்மை தெரிந்து மனம் வருந்தி அதை விட்டுவிடலாமே எனில், எங்கே விடுவது? ஏரியில் விட்டால் மூழ்கி இறக்கும். அது நீந்தும் ஆமையன்று, நிலத்தில் வாழ்வது. ஏதேனும் ஒரு காட்டில் விட்டால் வளர்ப்பிடத்து நோய் அங்குள்ளவற்றிற்கும் பரவலாம். இவ்வினம் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும், தென்னிந்தியா, இலங்கை எனத் தொலைவால் பிரிந்த மூன்று பகுதிகளில் வாழ்கிறது. கடத்தலில் மீட்கப்பட்ட ஆமை எந்த மண்ணைச் சேர்ந்தது என்று கண்ணால் கூற இயலாது. மரபணுவை ஆராய வேண்டியிருக்கிறது. 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் பெங்களூருக்குத் திருப்பியனுப்பப்பட்டன. நாடு திரும்பியவை உடனே காடு திரும்பிவிடவில்லை. முதலில் தனிமைக் காப்பில் வைக்கப்பட்டன.

தமிழில் 'விடு' என்னும் வினையிலிருந்தே 'வீடு' பிறக்கிறது. அச்சொல் முக்தியையும் குறிக்கும், குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும். பறிமுதல் செய்யும் அதிகாரி ஆமையைக் கடத்தல்காரனிடமிருந்து விடுவிக்கலாம். ஆனால் அதற்கு வீடு தர அவரால் இயலுமா? (இதில் ஒரு விந்தை: கைப்பற்றிய வன உயிரைச் சட்டமும் 'அரசின் சொத்து' என்றே கூறுகிறது. உடைமையின் மொழி அங்கும் போகவில்லை.)

இந்த ஆமைக்கு அடர்வனம் தேவையில்லை. வறண்ட முட்புதரும், வயலோர வேலியும், மேய்ச்சல் நிலமும் போதும். அந்நிலத்திற்கு நாம் இட்ட பெயர் தரிசு. கோலார்ப் பக்கத்தில் அத்தகைய நிலத்தில் ஒரு சாலை குறுக்கிட்டால், மெல்ல நடக்கும் அவ்வுயிருக்கு இருபுறமும் இரு நாடுகளாகின்றன. மனைப்பிரிவுகள் எழுந்தால் எஞ்சுவது தீவுத் துண்டுகள். ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைப்பதும் சட்டத்தின்படி வேட்டையே. ஆயினும் மண்ணைச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டுபவர், கீழே முட்டை இருந்ததை அறிவதே இல்லை. மனை வாங்குபவரும் அறியார். ஓர் ஆமையைப் பையில் வைத்தவருக்குச் சிறை; நூறு ஆமைகளின் நிலத்தை முறையான அனுமதியோடு அழித்தவருக்குப் பத்திரப்பதிவு! அறியாமையைச் சட்டம் தண்டிக்கத் தயங்குவது நியாயமே. ஆனால் மனை பார்க்கப் போகுமுன், 'இங்கே முன்பு என்ன இருந்தது?' என்று கேட்பதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.