அலமாரியில் இருக்கும் சுர்மாப் புட்டி



மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டியதும், நனைந்ததை அடியில் மறைத்த வியாபாரியைக் கண்டித்ததும் நாம் மதரஸாவில் ஓதிய காலந்தொட்டே கேட்டு வருவதுதான். அந்த வியாபாரிக்காவது அடியில் ஈரம் இருப்பது தெரியும். நமக்கோ நம் சரக்கின் அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமலிருக்கிறது. சுர்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நியாலாஸில் என் கடையில் அத்தர், தஸ்பீஹ் மணி, தொப்பி இவற்றோடு சுர்மாப் புட்டிகளும் நெடுங்காலம் இருந்தன. ஹஜ்ஜுக்குப் போய் வருவோரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளை பிறந்து நாற்பது கழியுமுன்பே கண்ணுக்குத் தீட்டுவார்கள். சிலர் தொப்புளிலும் வைப்பார்கள். என் நன்னி எனக்குத் தீட்டினார்கள். நான் என் மக்களுக்குத் தீட்டினேன். சுன்னத்து என்ற நிய்யத்தோடுதான்.

நாயகம் அவர்கள் விரும்பிச் சொன்னது இத்மித். அதை அஞ்சனக்கல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பல புட்டிகளில் வருவதோ கலீனா எனும் காரீயக் கல்லின் பொடி. கண்ணுக்கு இரண்டும் ஒரே கருமினுக்குத்தான். சுத்தமான கலீனாவில் நூற்றுக்கு 86 பங்கு காரீயம். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.)

1978-ல் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் நகரத்து ஆசியக் குழந்தைகளைப் பரிசோதித்த வைத்தியர்கள், சுர்மா தீட்டிய பிள்ளைகளின் இரத்தத்தில் தீட்டாதவர்களைவிடக் காரீயம் கூடுதலாக இருக்கக் கண்டார்கள். கண்ணில் இட்டது வயிற்றுக்கு எப்படிப் போகும் என்பீர்கள். பிள்ளை கண்ணைக் கசக்கும். அதே விரலை வாயில் போடும். அவ்வளவுதான். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மூளை வளரும் பருவத்தில் புத்தியைக் குறைத்துவிடும். ஓதினது மனதில் நிற்காது. மந்தப் பிள்ளை என்று நாம் அடிப்போம். போன புத்தி மருந்தால் திரும்பாது. இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாதென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒருவர் கேட்டார்: "ஆயிரம் வருஷமாகத் தீட்டுகிறார்களே பாய், எல்லோரும் மடையர்களாகவா போனார்கள்?" நியாயமான கேள்வி. உடம்புக்குள் போனதை அளக்க அன்று வழியில்லை, இன்று இருக்கிறது. தெரியாமல் செய்தவர்களை அல்லாஹ் மன்னிப்பானாக. தெரிந்தபின் விற்கும் நாம் மறுமையில் என்ன பதில் சொல்வது?

நாம் மஞ்சளும் விற்கிறவர்கள். வங்காள தேசத்தில் மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது நிறம் கூட்டக் காரீயக் குரோமேட் எனும் சாயத்தைச் சேர்த்து வந்தார்கள். 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் காரீயம் இருந்தது. அரசு எச்சரித்தது, கருவி கொண்டு பார்த்தது, டாக்கா மொத்தக் கடைக்காரர்களுக்கு அபராதம் போட்டது. 2021-ல் ஒரு மாதிரியிலும் இல்லை. இரண்டே வருஷம். திருந்தியவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம்.

நம் நாட்டில் அழகுப் பொருளில் காரீயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கலாகாது. என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் இல்லாத புட்டியைக் கொள்முதல் செய்யாதீர்கள். எண் இருந்தாலும் பச்சைப் பிள்ளைக்கு எதற்கு?

மீதமிருந்த பதினேழு புட்டிகளை எடுத்துவிட்டேன். நஷ்டம் பெரிதல்ல. ஆனால் சென்ற மாதம் தோட்டத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்து சுர்மா கேட்ட ஒரு பெண், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நேரே வேறொரு கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு போனாள். வாசலிலிருந்து பார்த்தேன். முன்பு விற்றவன்தானே நானும், அந்தக் கடைக்காரரை என்ன சொல்ல? வரும் ஜும்ஆவுக்குப் பின் அவரோடு உட்கார்ந்து பேசுவதாயிருக்கிறேன்.

என்னிடம் வாங்கித் தீட்டியவர்கள் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், தீட்டியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, இரத்தம் பார்க்கக் கேளுங்கள். பாதி தீர்ந்த புட்டியானாலும் கொண்டு வாருங்கள், முழுக்காசையும் தந்துவிடுகிறேன்.