பாத்திரத்துக்குப் பாவம் ஒட்டுமா?

காரில் எடுத்துச் செல்வதற்கென்றே செய்த காக்டெயில் பெட்டிகள் 1920களிலும் 1930களிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் விற்பனைக்கு வந்தன. தோல் பெட்டியைத் திறந்தால் முலாம் பூசிய ஷேக்கர். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்கள், வடிகட்டி, எலுமிச்சை பிழியும் கருவி, குப்பிகள். அதற்கு முன்பே நீலகிரியில் ஆங்கிலேயத் துரைமார் கூடிக் குடிக்க 1841இல் தொடங்கிய ஊட்டி கிளப் இருந்தது. கார் வந்தபின் குடியும் கூடவே பயணம் செய்ய இந்தப் பெட்டி வழி செய்தது. பழைய கார்ப் பிரியர்கள் இன்று இதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களில் குடிப்பழக்கமே இல்லாதவரும் உண்டு. மது இருந்த பாத்திரத்தில் மதுவின் குற்றம் தங்குமா என்ற கேள்வி அவருக்கு எழுவது நியாயம்.

தங்கும் என்று நினைக்க நீலகிரியிலேயே ஆதாரம் உண்டு. 1901-02இல் அங்குள்ள தோடர் பழங்குடியினரிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய பால்மனை ஒழுங்கை விரிவாகப் பதிந்திருக்கிறார். எருமைப்பாலோடு புழங்கும் பாத்திரங்கள் உள்ளறையைச் சேர்ந்தவை. மோரையும் நெய்யையும் வெளியே கொண்டுபோகும் பாத்திரங்கள் வேறு. உயர்ந்த பால்மனைகளில் அன்று இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உள்ளிருந்து வெளிப்பாத்திரத்துக்கு மாற்ற, நடுவில் மூன்றாவது கலம் ஒன்று நின்றது. புனிதம் அங்கே கலத்தின் மேலேயே குடியிருந்தது. புனிதம் ஒட்டுமென்றால் மாசும் ஒட்டத்தானே வேண்டும்?

இஸ்லாமிய மரபு இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. சுரைக்குடுக்கை, மெருகிட்ட மண்ஜாடி, கீல் பூசிய கலம், குடைந்த பேரீச்ச அடிமரம் ஆகியவற்றில் பழம் ஊறவைப்பதை நபிகள் நாயகம் முதலில் தடுத்தார். அவற்றில் ஊறல் சீக்கிரம் புளித்து மதுவாகிவிடும். பின்னர் தடையை நீக்கியபோது, கலம் எதையும் ஹலாலாகவோ ஹராமாகவோ ஆக்குவதில்லை, போதை தருவதே ஹராம் என்று தெளிவுபடுத்தினார். பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது. பௌத்தக் காவியமான மணிமேகலையில் நாகர் தலைவன் தரும் கள்ளைச் சாதுவன் மறுக்கிறான். அந்தக் காவியத்தின் அள்ளக் குறையாத உணவுக் கலமான அமுதசுரபியும் பசித்தவர் இல்லாதபோது ஆபுத்திரன் கையில் பயனற்றுப் போகிறது. கலத்தின் பெருமை, அது யாருக்கு உதவுகிறது என்பதில் இருக்கிறது. குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் குடிப்பவனின் நிலையைத்தான் பேசுகிறது.

ஆனாலும் கார்ப் பெட்டியைச் சாதாரண டம்ளரோடு சேர்த்துவிட முடியாது. டம்ளரில் தண்ணீரும் குடிக்கலாம், மோரும் குடிக்கலாம். இந்தப் பெட்டியோ பயணத்தையும் குடியையும் சேர்க்கவென்றே உருவானது. எண்ணம் அதன் வடிவத்திலேயே தெரிகிறது. சட்டமும் இப்படிப் பிரித்துப் பார்த்ததுண்டு. 1937ஆம் ஆண்டின் மதராஸ் மதுவிலக்குச் சட்டம் சாராயம் காய்ச்சும் கருவிகளை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. கார் ஓடும் சாலைக்கு வந்தால், நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். குடித்தவன் அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஆபத்து அவனுக்கு மட்டுமில்லை. வேலை முடிந்து பிள்ளையோடு சாலையோரம் நடந்து வரும் தோட்டத் தொழிலாளிக்கும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஓட்டுநரைத் தண்டிக்கிறது. டிக்கியில் இருக்கும் காலிக் கிண்ணத்தைப் பற்றி அது பேசவில்லை.

ஆகவே குற்றம், பெட்டியைச் செய்தவரின் நோக்கத்திலும் பயன்படுத்துபவரின் செயலிலும் பிரிந்து கிடக்கிறது. அலமாரியில் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டிலும் பங்கில்லை. ஓட்டுபவருக்கு ஊற்றிக் கொடுக்கும் பயணி, தான் ஒரு சொட்டும் குடிக்காவிட்டாலும், இரண்டாவதில் பங்காளி. பழம்பொருள் வியாபாரி? பௌத்தம் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் மது விற்பதும் ஒன்று. காலிக் கலம் விற்பது அதில் சேராது.